சென்னை – டொராண்டோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், செப்டம்பர் வகுப்புக்குக் கிளம்பும் மாணவர், பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமம்) என்கிற நிரந்தர வசிப்புரிமை கிடைத்துக் குடும்பத்தோடு குடியேறுகிறவர் என்று சென்னையிலிருந்து டொராண்டோ போகிற யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மணி நேரம் ஆகும்?" இணையத்தில் தேடினால் தூரக் கணிப்பான் 16 மணி என்று சொல்லும். போய்வந்த உறவினர் 22 மணி என்பார். டிக்கெட் தளத்தில் மலிவான டிக்கெட்டுக்குப் பக்கத்தில் 38 மணி என்று போட்டிருக்கும். மூன்றுமே பொய் இல்லை. முதலாவது நேர்கோட்டில் நிற்காமல் பறந்தால் ஆகும் நேரம், இரண்டாவது நல்ல இணைப்பு கிடைத்தால் ஆகும் நேரம், மூன்றாவது காசை மிச்சம் பிடித்தால் ஆகும் நேரம். டிக்கெட் எடுக்கும் முன் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கத் தெரிந்திருந்தால் நல்லது. கடினமான கணக்கு இல்லை.

1. தூரத்தைப் பாருங்கள்

ஊர்ப்பெயரை வைத்துத் தேடாமல் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். சென்னைக்கு எம்.ஏ.ஏ. டொராண்டோ பியர்சனுக்கு ஒய்.ஒய்.இசட். டொராண்டோவில் பில்லி பிஷப் என்று இன்னொரு நிலையமும் உண்டு. ஏரித் தீவில் இருக்கும் சிறிய நிலையம், குறியீடு ஒய்.டி.இசட். சென்னைப் பயணிகளுக்கு அதில் வேலை இல்லை. ஆனால் டொராண்டோவிலிருந்து வேறு ஊருக்குத் தனியாக டிக்கெட் எடுக்கிறீர்கள் என்றால், எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பியர்சன் இருப்பதோ பெரும்பாலும் மிசிசாகா நகர எல்லைக்குள். ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏற ஊரின் பாதியைக் கடக்க வேண்டும்.

கிரேட் சர்க்கிள் மேப்பர் போன்ற இலவசத் தளத்தில் சென்னை, பியர்சன் குறியீடுகள் இரண்டையும் நடுவில் ஒரு சிறு கோடு போட்டு, MAA-YYZ என்று தட்டினால், கிட்டத்தட்ட 13,400 கி.மீ. என்று வரும். மைலில் 8,300-க்குக் கொஞ்சம் மேல். விமானத் துறையில் பேசும் நாட்டிகல் மைலில் (ஒன்று 1.852 கி.மீ.) சுமார் 7,230. கொழும்பிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது ஏறத்தாழ 14,000 கி.மீ. ஆகும்.

இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு: பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையே உள்ள கோணம் 120.4 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், 13,388 வரும். அவ்வளவுதான்.

தளம் வரைந்து காட்டும் கோட்டைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். சுவரில் மாட்டும் உலகப் படத்தில் அரபிக்கடல், ஐரோப்பா, அட்லாண்டிக் என்று மேற்கே போவதுதான் நேர்வழி போலத் தெரியும். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலைச் சென்னையில் வைத்து டொராண்டோ வரை இறுக்கிப் பிடியுங்கள். நூல் கிட்டத்தட்ட வடக்கு நோக்கிக் கிளம்பும். லாகூர் பக்கமாகப் போய், தஜிகிஸ்தான், யூரல் மலை, நார்வேயின் வடகோடி, அப்புறம் கிரீன்லாந்தின் பனிப்பரப்பு, கியூபெக்கின் வடபகுதி என்று இறங்கும். உச்சியில் அது 73 டிகிரி வட அட்சரேகையையும் தாண்டிவிடும். ஊட்டிக் குளிருக்கே மப்ளர் சுற்றுகிற நாம் ஆர்க்டிக் வழியாகப் போவதுதான் குறுக்குவழி.

2. அந்தக் கோட்டில் உங்கள் விமானம் பறக்காது

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நிற்காமல் போகும் விமானச் சேவை இல்லை. இது விமானத்தின் குறை அல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கி.மீ.க்கும் மேலே நிற்காமல் பறக்கும் சேவை இருக்கிறது. ஆக, நாம் நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டும். எந்த ஊர் என்பதைப் பொறுத்துத் தூரம் இப்படி மாறும்:

டெல்லி வழி: 1,760 + 11,640 = சுமார் 13,400 கி.மீ.
பிராங்க்பர்ட் வழி: 7,590 + 6,340 = சுமார் 13,930 கி.மீ.
லண்டன் வழி: 8,230 + 5,710 = சுமார் 13,940 கி.மீ.
துபாய் வழி: 2,930 + 11,080 = சுமார் 14,010 கி.மீ.
ஹாங்காங் வழி: 3,710 + 12,550 = சுமார் 16,260 கி.மீ.

ஹாங்காங்கை விட்டுவிடுங்கள். மற்ற நான்குக்கும் இடையே உள்ள வித்தியாசம் 600 கி.மீ. மட்டும்தான், அதாவது முக்கால் மணி நேரப் பறப்பு. டெல்லியைப் பாருங்கள், அது நேர்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் தூரத்தை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது இங்கே எதையும் தீர்மானிக்கப்போவதில்லை.

டெல்லிதான் சிறந்தது என்று முடிவு கட்டுவதற்கும் முன்னால் ஒரு விஷயம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வான்வெளி கனடா, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. ஆக, ஏர் இந்தியாவுக்கு ரஷ்யா திறந்திருக்கிறது, பாகிஸ்தான் மூடியிருக்கிறது. ஏர் கனடாவுக்கு ரஷ்யா மூடியிருக்கிறது, பாகிஸ்தான் தடை அதற்குப் பொருந்தாது. நேர்கோட்டில் போக இரண்டும் வேண்டும். இந்தச் சுற்றலில் 2025-இல் வட அமெரிக்கா போன சில இந்திய விமானங்கள் வியன்னா போன்ற ஊரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. வளைகுடா வழிக்கும் இப்படித் தடங்கல் உண்டு: 2025 ஜூன் 23 அன்று கத்தார் சில மணி நேரம் வான்வெளியை மூடியபோது, தோஹா வழியாகப் போக வேண்டியவர்கள் கிடைத்த ஊரில் காத்துக்கிடந்தார்கள். டிக்கெட் எடுக்கும் வாரத்தில் செய்தியை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

3. தூரத்தை நேரமாக மாற்றுங்கள்

பெரிய விமானங்கள் உயரத்தில் மணிக்கு சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகத்தான் போகும், நேர்கோட்டிலும் போகாது. அதனால் கி.மீ.யை 850-ஆல் வகுத்து அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை – லண்டன் 8,230 கி.மீ., வகுத்தால் 9 மணி 40 நிமிடம், அரை மணி சேர்த்தால் 10 மணி 10 நிமிடம். லண்டன் – டொராண்டோ இதே கணக்கில் 7 மணி 15 நிமிடம்.

ஆனால் கால அட்டவணையைப் பார்த்தால் சென்னை – லண்டனுக்குப் பத்தரையிலிருந்து பதினொன்றே கால் மணி வரை போட்டிருக்கும். லண்டன் – டொராண்டோவுக்கு எட்டு மணியை ஒட்டி இருக்கும். கூடுதல் நேரம் எங்கிருந்து வந்தது? எதிர்க்காற்றிலிருந்து. வடக்கு அட்சரேகைகளில், விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வலுவான காற்றோட்டம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்; ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். போகும்போது அதை எதிர்த்துப் போகிறோம், திரும்பும்போது அது நம்மைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அதனால் டொராண்டோ – லண்டன் ஏழு மணியில் முடிந்துவிடும். துபாய் – டொராண்டோ பதினான்கு மணி என்றால் திரும்பி வருவது பன்னிரண்டரை, பதின்மூன்று. இந்தக் காற்று எவ்வளவு பலமானது என்பதற்கு ஒரு உதாரணம்: 2020 பிப்ரவரியில் புயல் காற்றோடு சேர்ந்துகொண்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி ஆகும் தூரம் அது.

அட்டவணை நேரம் என்பது கேட்டை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனைக் கேட்டில் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று பார்க்க, விமான எண்ணை ஃப்ளைட்ரேடார்24 அல்லது ஃப்ளைட்அவேர் தளத்தில் போட்டு, கடந்த ஒரு வாரம் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். அட்டவணையைவிட இதுதான் நம்பகமானது. ஒரு விமானம் வாரம் முழுக்கத் தாமதமாகவே வருகிறது என்றால், அதை நம்பி ஒன்றரை மணி நேர இணைப்பு எடுக்காதீர்கள்.

4. கடிகாரத்தைக் கழியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரம் ஒவ்வொன்றும் அந்தந்த ஊர் நேரம். கிளம்புவது சென்னை நேரம், மாறுவது லண்டன் நேரம், இறங்குவது டொராண்டோ நேரம். அப்படியே கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரத்தில் கனடா போய்விடுவது போலத் தோன்றும்.

டொராண்டோ நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றும். நடுவில் இருக்கும் அந்தச் சில வாரங்களில் பயணம் செய்தால் மனக்கணக்கை நம்பாமல் போனிலேயே உலகக் கடிகாரத்தைப் பாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு, நேரங்கள் கணக்குக்காகப் போட்டவை. ஜூலை 10 காலை 5.30-க்குச் சென்னையில் கிளம்புகிறீர்கள். லண்டனில் அதே நாள் முற்பகல் 11.45-க்கு இறங்குகிறீர்கள். கடிகாரப்படி 6 மணி 15 நிமிடம்; கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி பின்னால் என்பதால் அதைக் கூட்டினால் 10 மணி 45 நிமிடம். அங்கே மாலை 3.15 வரை காத்திருப்பு, 3 மணி 30 நிமிடம். டொராண்டோவில் 6.10-க்கு இறங்குகிறீர்கள், கடிகாரப்படி 2 மணி 55 நிமிடம், லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் ஐந்து மணி வித்தியாசம், ஆக 7 மணி 55 நிமிடம். மொத்தம் 22 மணி 10 நிமிடம். சரிபார்க்க ஒரு வழி: காலை 5.30-இலிருந்து மாலை 6.10 வரை 12 மணி 40 நிமிடம், அதோடு சென்னை – டொராண்டோ வித்தியாசமான ஒன்பதரையைக் கூட்டுங்கள். அதே 22 மணி 10 நிமிடம் வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ தேதி மாறியிருக்கிறது. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் பொடியாக "+1" என்று இருக்கிறதா பாருங்கள். மறுநாள் என்று அர்த்தம்.

5. நடுவில் இறங்கும் ஊர்

மொத்த நேரத்தைத் தீர்மானிப்பது பறப்பு அல்ல, காத்திருப்புதான். பறக்கும் நேரம் எந்த வழியிலும் பதினெட்டு, பத்தொன்பது மணியை ஒட்டித்தான் வரும். 22 மணிப் பயணத்துக்கும் 38 மணிப் பயணத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க விமான நிலைய நாற்காலியில் கழிவது. தேடும்போது விலையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தாமல் மொத்தப் பயண நேரத்தையும் 26 மணிக்குள் என்று வடிகட்டிப் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய்க்காகப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது இளைஞர்களுக்குச் சரி. அம்மா அப்பாவை அப்படி அனுப்பாதீர்கள்.

காத்திருப்பு குறைவாக இருந்தாலும் ஆபத்து. இரண்டு மணிக்குக் குறைவான இணைப்பை நான் யாருக்கும் சொல்வதில்லை; மூன்றிலிருந்து நான்கு மணி நிம்மதி. லண்டன் ஹீத்ரோ போன்ற இடத்தில் டெர்மினல் மாற வேண்டியிருந்தால் பேருந்தில் போய், மறுபடி பாதுகாப்புச் சோதனை முடித்து, அப்புறம் கேட்டுக்கு நடக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். ஒரே முன்பதிவு எண் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு, பெட்டியும் பெரும்பாலும் நேராகப் பியர்சனுக்கே போய்விடும். தனித்தனி டிக்கெட் எடுத்துத் தவறவிட்டால் இரண்டாவது டிக்கெட் காசு போச்சு.

டிரான்சிட் விசா, அதாவது நடுவில் விமானம் மாறும் நாட்டுக்கான விசா விஷயத்தில் உங்கள் பாஸ்போர்ட் இந்தியாவா இலங்கையா, கையில் கனடா விசா எந்த வகை என்பதைப் பொறுத்து விதி மாறும். அந்த நாட்டின் அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள், ஏஜெண்ட் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்கா வழியாக டிக்கெட் மலிவாக வந்தால் ஒரு கணம் நில்லுங்கள். அங்கே குடிவரவைத் தாண்டாமல் விமானம் மாறும் வசதி கிடையாது. அமெரிக்க விசா இல்லாமல் அந்த வழியே போக முடியாது.

வயதானவர்களுக்கு வழி தேர்ந்தெடுக்கும்போது மொத்த நேரத்தோடு, நேரம் எப்படிப் பிரிகிறது என்பதையும் பாருங்கள். துபாய் வழி என்றால் நான்கு மணி, அப்புறம் ஒரே மூச்சில் பதினான்கு மணி. லண்டன் அல்லது பிராங்க்பர்ட் வழி என்றால் பத்தரை, எட்டு என்று பிரியும். முட்டிவலிக்காரருக்கு இந்தப் பிரிவு எவ்வளவோ மேல். டிக்கெட் எடுத்தவுடன் சக்கர நாற்காலி உதவியையும் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். நடக்க முடிந்தாலும் ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய துணை. உதவிக்கு வருகிறவரே அடுத்த கேட் வரை கொண்டுபோய் விட்டுவிடுவார். நேரம் பார்த்து மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் இந்த 22 மணி நேர அட்டவணையை டாக்டரிடம் காட்டி எப்போது எடுப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

6. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை

டிக்கெட் காட்டும் 22 மணிக்கு முன்னும் பின்னும் இருப்பதைக் கூட்டுங்கள். சென்னையில் மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும். பன்னாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் கிளம்புகின்றன; அந்த நேரத்தில் மெட்ரோ ஓடாது, காரை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விழுப்புரம், சேலம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், தாம்பரம் நெரிசலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தொடர் விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் ஞாயிறு மாலை என்றால் அந்தச் சாலையில் எந்தக் கணக்கும் செல்லாது.

டொராண்டோவில் இறங்கியதும் குடிவரவு, பெட்டி, சுங்கம். விசிட்டர் விசாவில் போகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். படிப்பு அனுமதி வாங்க வேண்டிய மாணவர்களும் முதல்முறை பி.ஆர். பதிவு செய்கிறவர்களும் தனி அறைக்குப் போய் வரிசையில் உட்கார வேண்டும்; ஆகஸ்ட் கடைசியில் அங்கே இரண்டு, மூன்று மணி நேரமும் ஆகலாம். கனடாவில் முதலில் இறங்கும் நிலையத்தில்தான் இந்தச் சடங்கெல்லாம். வின்னிபெக், ஹாலிஃபாக்ஸ் என்று மேலே போகிறவர்கள் டொராண்டோவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பியர்சனில் டெர்மினல் 1, 3 இரண்டுதான், 2 கிடையாது. அழைக்க வருகிறவரிடம் எந்த டெர்மினல் என்று சொல்லிவிடுங்கள். யாரும் வரவில்லை என்றால் யு.பி. எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடத்தில் நகர மையத்தின் யூனியன் நிலையத்தில் விட்டுவிடும். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் போக 401 நெடுஞ்சாலை. மாலை நேரத்தில் அதுவும் நம் ஜி.எஸ்.டி. சாலைக்குச் சளைத்தது இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் திரும்பிக் கிளம்பும்போது விமானத்தின் மேல் படிந்த பனியை நீக்க மருந்துத் தண்ணீர் அடிப்பார்கள், அதற்கு வரிசை இருக்கும். பனிப்புயல் நாளில் தாமதம் நிச்சயம்.

போய் இறங்கும்போது அங்கே மாலை 6 என்றால் உங்கள் உடம்புக்கு அதிகாலை மூன்றரை. ஒன்பது மணி வரையாவது எப்படியாவது விழித்திருங்கள். அதற்கு முன் படுத்தால் இரவு ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

7. திரும்பி வரும்போது தேதி

செப்டம்பர் 10 இரவு 8.30-க்கு டொராண்டோவில் கிளம்பினால் லண்டனில் 11-ஆம் தேதி காலை 8.30. அங்கே 12.30-க்கு ஏறினால் சென்னையில் 12-ஆம் தேதி அதிகாலை 3.15. உண்மையில் கழிந்தது 21 மணி 15 நிமிடம்தான், ஆனால் நாள்காட்டியில் இரண்டு தேதி நகர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கோ திதிக்கோ வருகிறவர்கள் இந்த இரண்டு நாளோடு தாமதத்துக்கு இன்னொரு நாளும் சேர்த்து டிக்கெட் எடுங்கள். டெல்லி வழியாக வந்தால் குடிவரவும் சுங்கமும் பொதுவாக டெல்லியிலேயே முடியும், பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

அழைக்க வரும் தம்பிக்கோ மச்சானுக்கோ "12-ஆம் தேதி காலை வர்றேன்" என்று மட்டும் சொன்னால் 12-ஆம் தேதி விடிந்து காபி குடித்துவிட்டுக் கிளம்புவார், நீங்கள் மீனம்பாக்கத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பீர்கள். "11-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பு" என்று சொல்லி, விமான எண்ணையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள்.